தூக்கம் வர எடுத்த புத்தகம்

போன வாரம் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம்மை இக்கட்டில் விட்டுவிட்டு வந்தோம். ஆங்கிலத்தில் 'வாஸ்' ஒருமை, 'வேர்' பன்மை. ஒரே வினை, ஒரே இறந்தகாலம். ஒருமையின் ஸகரம் பன்மையில் ரகரமானது ஏன்? 1822-ல் அவர் வகுத்த ஒலிமாற்ற விதியிடம் பதில் இல்லை.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பெரிய தலைகள் எல்லாம் முட்டிப் பார்த்தாயிற்று.

வாருங்கள், டென்மார்க்குக்குப் போவோம்.

மதிய நேரம். மொழியியலாளர் கார்ல் வெர்னருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. குட்டித் தூக்கம் போட ஆசை. தூக்கம் வரட்டும் என்று ஒரு புத்தகத்தை எடுத்தார். ஃபிரான்ஸ் பாப் எழுதிய ஒப்பிலக்கணம்.

இரண்டு சமஸ்கிருதச் சொற்கள் கண்ணில் பட்டன. பிதர், ப்ராதர். தந்தை, சகோதரன்.

இரண்டிலும் நடுவே தகரம். கிரிம் விதிப்படி இரண்டும் ஒரே மாதிரி உரசொலியாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பழைய ஆங்கிலச் சகோதரனுக்குப் பல்லிடுக்கில் காற்று உரசும் ஒலி. தந்தையோ 'ஃபேடர்', டகரம்! இன்றைய 'ஃபாதர்' உச்சரிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெகு பிந்தி வந்தது.

கண் செருகியது. அப்போதுதான் எழுத்துகளின் தலைமேல் இருந்த சின்னக் கோடுகளைக் கவனித்தார்.

சுரக் குறிகள்!

வேதம் ஓதும்போது குரல் உயரும் இடம். ப்ராதரில் முதல் அசை. பிதரில் இரண்டாம் அசை. முன்னால் குரல் உயர்ந்தால் உரசொலி அப்படியே நிற்கும், உயராவிட்டால் இளகிவிடும் என்று இருக்குமோ?

நினைத்தார். தூங்கிப்போனார்.

அன்று மாலை நண்பர் யூலியுஸ் ஹோஃபொரிக்குக் கடிதம் எழுத வேண்டும். வேறு சேதி இல்லை. இதையே எழுதிப் போட்டார்.

விடிந்து யோசித்தால் அபத்தமாகத் தெரிந்தது. 'அதை மறந்துவிடு' என்று எழுதப் போனவர், சட்டென நிறுத்தினார். இருக்கட்டும், மறுக்க வழி தேடி ஹோஃபொரி மண்டையை உடைத்துக்கொள்ளட்டுமே!

நல்லவேளை, அந்தக் குறும்பு வந்தது.

மறுபடி மதியம். மறுபடி ஒரு புத்தகம். இம்முறை வில்ஹெல்ம் ஷெரர். அடிக்கடி புழங்கும் சொற்கள்தான் விதி தவறுகின்றன என்கிறார் அவர்.

வெர்னருக்குச் சுருக்கென்றது. அப்பாவைக் கூப்பிட்ட அளவுக்கு அண்ணன் தம்பியை அந்தக் காலத்தில் யாரும் கூப்பிடவில்லையா?

தூக்கம் போயே போனது.

ஆனால் ஷெரரைச் சாய்க்க இரண்டு உறவுப்பெயர்கள் போதாது. சாட்சி வேண்டும். அது இறந்தகால வினைகளிடம்தான் இருக்கிறது. ஸகரமும் உரசொலிதான், இளகினால் ரகரம். வாஸும் வேரும் தனி ஆட்கள் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'தேர்ந்தெடுத்தான்', 'தேர்ந்தெடுத்தார்கள்' என்பதிலும் இதே குளறுபடி. 'கொதிக்கவைத்தான்', 'கொதிக்கவைத்தார்கள்' என்பதிலும் அதே கதை.

ஒரே வினையில், ஒருமைக்கு ஓரிடத்திலும் பன்மைக்கு வேறிடத்திலும் குரல் உயர்ந்திருந்தால் வெர்னர் ஜெயித்தார். இடம் மாறாமல் நின்றிருந்தால் எல்லாம் அரைத்தூக்கத்தில் கண்ட கனவு.

சமஸ்கிருத இறந்தகாலம் என்ன சாட்சி சொன்னது?

அடுத்த வாரம்!