வால்வின் அழுத்த வீழ்ச்சி: உள்ளீடா, விடையா?

அனல் மின்நிலைய நீராவிச் சுழற்சியைக் கணினியில் மாதிரியாக்குவோர் டர்பைனுக்கும் கண்டென்சருக்கும் காட்டும் அக்கறையை வால்வுக்குக் காட்டுவதில்லை. ‘அழுத்த இழப்பு 4 விழுக்காடு’ என்று எழுதிவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விடுகிறார்கள். முழுச் சுமையில் இது யாரையும் உறுத்தாது. பகுதிச் சுமைக்கு இறங்கினால்தான் சிக்கல் தெரியும். நிலையான ஓட்டத்தில், கட்டுப்பாட்டு வால்வின் அழுத்த வீழ்ச்சி வால்வின் பண்பன்று. முன்னும் பின்னும் உள்ள கருவிகள் தமக்கு வேண்டிய அழுத்தத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் மிச்சம் அது. மாதிரியில் அது உள்ளீடாக அல்ல, விடையாகவே வரவேண்டும்.

170 பார், 538 பாகை செல்சியஸ் நீராவியில் ஓடும் ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். கொதிகலன் அழுத்தம் மாறவில்லை. எல்லாக் கட்டுப்பாட்டு வால்வுகளும் ஒருசேர மூடி ஓட்டத்தைப் பாதியாக்குகின்றன. ஸ்டொடோலா விதிப்படி டர்பைனின் நுழைவழுத்தம் ஓட்டத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இறங்கும். முழுச் சுமையில் 163 பாராக இருந்தது இப்போது 80 பார் அளவுக்கு வந்துவிடும். மீதி 90 பாரையும் வால்வு தின்றாக வேண்டும். அங்கே வேலையும் இல்லை, சொல்லத்தக்க வெப்ப இழப்பும் இல்லை. ஆகவே என்தால்பி மாறாது. ஆனால் வெப்பநிலை 500 பாகைக்கு அருகே இறங்கும். என்ட்ரோபி கிலோவுக்குச் சுமார் 0.32 கிலோ ஜூல்/கெல்வின் கூடும். சூழல் வெப்பநிலை 300 கெல்வின் என்றால், பயன்படக்கூடிய ஆற்றலில் கிலோவுக்குச் சுமார் 95 கிலோ ஜூல் அந்த ஓர் இடத்திலேயே தொலைகிறது. நீராவியை இலட்சிய வாயுவாகக் கொண்டு வெப்பநிலையை 538-லேயே நிறுத்துபவரின் கணக்கில் கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றல் இல்லாத இடத்திலிருந்து பிறந்துவிடும்.

இதே நிலையில் 4 விழுக்காட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கொதிகலன் அழுத்தத்தையும் 170 என்று கட்டிவைத்திருந்தால் சமன்பாடுகள் ஒன்றுக்கொன்று முரண்படும். நிரல் தீர்வு காணாமல் நின்றுவிடும். அது நல்லது, பிழை வெளியே தெரிகிறது. கட்டிவைக்காவிட்டால் நிரல் சமர்த்தாகக் கொதிகலன் அழுத்தத்தை 83 பாருக்கு இறக்கிவிடும். மாறா அழுத்தத்தில் ஓடும் நிலையம், யாரும் கேட்காமலே, அழுத்தத்தைச் சுமையோடு இறக்கி ஓட்டும் நிலையமாகிவிடும். இரண்டின் திறனும் வேறு. அறிக்கையில் வரும் எண்ணோ பார்க்க நம்பும்படியாகவே இருக்கும்.

இதை வைத்து நிலையான விழுக்காடு எங்குமே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. டர்பைனின் நடுவிலிருந்து ஊட்டுநீர்ச் சூடேற்றிக்கு நீராவி எடுக்கும் குழாயிலுள்ள பின்னோட்டத் தடை வால்வு முழுதும் திறந்தே இருக்கிறது. அது உண்மையான தடை. அழுத்த இழப்பு ஓட்டத்தின் இருபடியோடும் தன்கனஅளவோடும் மாறும். ஓட்டம் அழுத்தத்தோடு இறங்குகிறது, தன்கனஅளவு அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. பெருக்கிப் பார்த்தால் இழப்பு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் நிற்கும், விழுக்காடு மாறுவதில்லை.

கட்டுப்பாட்டு வால்வுகளுக்கான ‘ஐஇசி 60534’ தரநிலை தரும் ஓட்டக் கெழுச் சமன்பாட்டைத் தீர்வுக்குள் புகுத்துவதா, தீர்வுக்குப்பின் போட்டுப்பார்ப்பதா? திறப்பளவு கொடுக்கப்பட்டு ஓட்டத்தைத் தேடும்போது உள்ளே வேண்டும். மற்றபடி வெளியே வைப்பதே மேல். உயரழுத்த பைபாஸ் வால்வு 170 பாரிலிருந்து 40 பாருக்கு இறக்கும்போது உள்ளே ஒலிவேகம் எட்டி ஓட்டம் உச்சத்தில் நின்றுவிடும். பின்னழுத்தத்தை மேலும் எவ்வளவு இறக்கினாலும் ஓட்டம் அசையாது. பின்னழுத்தத்தைப் பொறுத்த ஓட்டத்தின் வகைக்கெழு சுழியாகிவிடுவதால் நியூட்டன் முறை தடுமாறும். இந்த எல்லையைக் குறிக்கப் பாடநூலின் 0.546 என்ற அழுத்த விகிதத்தை எடுத்துப் பொருத்தும் பழக்கம் வேறு உண்டு. அது உராய்வற்ற நாசிலுக்குரியது. வழக்கமான குளோப் வால்வு இதைவிடக் கணிசமான வீழ்ச்சிக்குப் பிறகே உச்சத்தை எட்டும். மேலே கண்ட பாதிச் சுமையில் விகிதம் 0.47. நாசில் கணக்கு அதை உச்ச ஓட்டம் என்று சொல்லும்; குளோப் வால்வுக்குரிய கெழுக்களோடு தரநிலைக் கணக்கு இன்னும் இல்லை என்று சொல்லும்.

சூடேற்றியின் வடிநீர் வால்வுக்கு ஆவியாதலைக் கணக்கில் கொள்ளாத நீர்மச் சமன்பாடு செல்லாது. 10 பாரில் கொதிநிலையிலுள்ள நீர் 5 பாருக்கு வரும்போது நிறையில் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆவியாகிறது. கன அளவில் அதுவே 95 விழுக்காடு. வெப்பக் கணக்குக்கு மாறா என்தால்பி ஒன்றே போதும். வால்வின் அளவையும் அதை அடுத்த குழாயின் விட்டத்தையும் முடிவு செய்ய இந்த 95-ஐத்தான் பார்க்க வேண்டும்.