பால் ஸ்டோரும் தேகப்பயிற்சியும்

மலேசியாவின் கெடா மாநிலத்திலே சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் 'ஸ்டோர்' என்று வழங்கிய ஆலைக் கட்டடமொன்றைத் தேகப்பயிற்சிக் கூடமாக மாற்ற இன்று ஒருவர் சங்கற்பித்தால், அதன் உள்ளமைப்பை வகுத்தது மனித சரீரத்தின் சௌகரியமன்று, ரப்பர்ப் பாலின் பிரயாணமே என்பதை அவர் முதலில் அறிய வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கச் சுமந்து வரப்பட்ட பால், அளக்கப்பட்டு, நீர் கலந்து தொட்டிகளில் வார்க்கப்பட்டு, பார்மிக் அமிலத்தால் உறைந்து, உருளைகளுக்கிடையே நசுங்கித் தகடாகி, கடைசி உருளையில் வரிகள் பதியப் பெற்று, நீர் சொட்டச் சொட்டப் புகைக்கூடத்தை அடையும். அங்கே சுமார் 60 பாகை வெப்பத்தில் விறகுப் புகையிலே சில நாள் தொங்கிப் பழுப்பேறும். ஆதலால் ஸ்டோரின் தரை ஓடைகளை நோக்கிச் சரிந்திருக்கும். புகைக்கூடமோ வெப்பம் வெளியேறாதபடி அடைத்துக் கட்டப்பட்டது. முன்னது பயிற்சிக்குத் தகும். பின்னதைச் சுவர் திறந்து காற்று விட்டாலன்றி யாரும் உள்ளே மூச்சுவாங்க நிற்க முடியாது.

இருட்டோடு 'பெரட்டு' என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்து ஓய்ந்த உடம்புக்குத் தனியே ஓர் அப்பியாசம் எதற்கு என்று துரைமார் எண்ணியிருக்கக் கூடும். தோட்டத்து வாலிபர் எண்ணவில்லை. யுத்த காலத்தில் இந்திய தேசிய ராணுவத்திலே சேர்ந்து அணிவகுக்கக் கற்றவர் பலர் தோட்டங்களுக்குத் திரும்பிய பின்னர், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் 1946-47-ல் கெடாவில் பரவிய தொண்டர் படை, சீருடையும் கம்புமாக வரிசைப் பயிற்சி செய்து, கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ச்சியும் நடத்தியது. கூலிக்காக வளைந்த சரீரம் தன் மானத்தின் பொருட்டு நிமிர்ந்த முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று என்பேன். சுமை தூக்கிய தோளைக் கண்டு கலங்காத அதிகாரிகள், வரிசையில் நின்ற அதே தோளைக் கண்டு கலங்கினர். 1947-ல் பீடோங்கிலும், கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல் நேர்ந்து, உயிர்ச்சேதமும் உண்டாகி, படை ஒடுக்கப்பட்டது.

1965-ல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்து, கட்டி ரப்பர் செல்வாக்குப் பெற்றதும், செம்பனை பால்மரத்தின் இடத்தைப் பிடித்ததும் புகைக்கூடங்களின் உபயோகத்தைக் குறைத்தன. அத்தகைய கட்டடத்துக்குப் புதுவாழ்வு தருவோர், பால் சீவும் பெண்ணின் சித்திரத்தைச் சுவரில் அலங்காரமாகத் தீட்டும் ஆசையை விட்டு, தரையைக் கவனிப்பது உத்தமம்: ஓடைகளைக் கம்பித் தட்டியால் மூடிக் கழுவுநீருக்கென நிலைநிறுத்தி, பளு தூக்கும் இடத்தை மட்டும் சமமாக உயர்த்தி, அதன்மேல் தடித்த ரப்பர் விரிப்பைப் பரப்பவேண்டும். சரிவை அப்படியே விட்டுவிட்டால், கீழே வைத்த இரும்புத் தண்டு ஓடையை நோக்கி உருண்டுவிடும்.