முன்னே ஒட்டும் சொல், பின்னே நிற்கும் சொல்: லித்துவேனியர் கற்கும் ஆங்கிலம்

1755இல் தமது ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில் அயல்மொழியாளரை நினைத்து ஒரு பகுதி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் ஒரு சின்னஞ்சிறு சொல் வந்து நின்று வினையின் பொருளையே வேறாக்கிவிடும். வெளியிலிருந்து அம்மொழிக்கு வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பது அவர் கருத்து. அதனால் அத்தகைய வினைகளைத் தனிக் கவனத்தோடு தம் அகராதியில் பதிவு செய்தார். அவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாக. பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. நாம் கூட்டுவினை என்று சொல்லிக்கொள்ளலாம்.

'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் கைவிடு. கையும் தெரியும், விடுவதும் தெரியும் என்ற அளவில் நிற்கும் அயலார் ஒருவர் நம்முடைய 'கைவிடு' என்ற சொல்லின்முன் எப்படித் திகைப்பாரோ, அதே திகைப்புத்தான். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது. எல்லா நாட்டு மாணவர்க்கும் ஒரே பட்டியல். லித்துவேனிய மாணவரைப் பொறுத்தவரை இது பெரிய வீண்வேலை என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில் ஜான்சன் அஞ்சிய அந்த அமைப்பு லித்துவேனியரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது; இடம் மட்டுந்தான் மாறியிருக்கிறது.

லித்துவேனிய மொழி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். இன்று வழங்கும் இந்திய-ஐரோப்பிய மொழிகளுள் பழைய அமைப்புகளை மிகுதியாகக் காத்துவரும் மொழி என்று அதை அறிஞர் கொண்டாடுவர். சோவியத் ஆட்சிக் காலத்தில் அங்கே இரண்டாம் மொழியாகப் பள்ளிதோறும் நின்றது ரஷ்யன். 1990 மார்ச் 11இல் நாடு விடுதலையை மீண்டும் அறிவித்தது. 2004 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் சுவீடனும் தங்கள் வேலைச் சந்தையை அன்றே திறந்துவிட்டன. பிழைப்புக்காகப் போனவர்கள் போய் இறங்கிய இடத்தில் இலக்கிய ஆங்கிலம் எதிர்ப்படவில்லை. படிவத்தை நிரப்பு, விளக்கை அணை, வேலையிலிருந்து நிறுத்து என்று தினசரி வாழ்வு முழுக்கக் கூட்டுவினைகளாகவே அவர்கள் காதில் விழுந்தது.

லித்துவேனியத்தில் அந்தத் துணைச்சொல் வினைக்கு முன்னே ஒட்டி நிற்கும். இத்தகைய முன்னொட்டை வடமொழி இலக்கணத்தில் உபசர்க்கம் என்பார்கள். 'ஹ்ரு' என்ற ஒரே வேரிலிருந்து ஆகாரம், சங்காரம், பரிகாரம் என்று ஒன்றுக்கொன்று எட்டாத பொருள்கள் பிறப்பதைத் தமிழர் நாமும் அறிவோம். லித்துவேனிய மொழியில் அத்தகைய முன்னொட்டுகளில் முதன்மையானவை 12. அவற்றுள் 'ப்ரா' என்பது வடமொழியின் 'ப்ர' உடன் பிறந்ததே. அங்கே இவை அன்றாடப் பேச்சில் இன்றும் உயிரோடு வேலை செய்கின்றன.

'லேய்ஸ்தி' என்ற ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொள்வோம். விடு, அனுமதி என்று பொருள். ஆங்கில 'லெட்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. 'உள்' என்று பொருள்தரும் ஒட்டுச் சேர்ந்து 'ஈலேய்ஸ்தி' ஆனால் உள்ளே விடு. ஆங்கிலத்தில் 'லெட் இன்'. 'வெளி' ஒட்டுச் சேர்ந்து 'இஷ்லேய்ஸ்தி' ஆனால் வெளியே விடு, 'லெட் அவுட்'. ஆனால் லித்துவேனியர் புத்தகம் வெளியிடுவதும் காசைச் செலவழிப்பதும் இதே 'இஷ்லேய்ஸ்தி'தான். 'ப்ராலேய்ஸ்தி' என்றால் கடந்து போக விடு. பொழுதைக் கழிப்பதும் வகுப்புக்குப் போகாமல் இருப்பதும் அதுவே. 'ஆப்லேய்ஸ்தி' என்றால் கவனிக்காமல் போட்டுவிடு. 'ஆட்லேய்ஸ்தி' என்றால் மன்னித்துவிடு. வேலையிலிருந்து நீக்குவதற்கும் அதே சொல். தண்டிக்காமல் விட்டுவிடுவதை ஆங்கிலம் 'லெட் ஆஃப்' என்று சொல்லும்போது, தன் தாய்மொழியில் 'ஆட்லேய்ஸ்தி' சொல்லி வளர்ந்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? விடு என்ற வினையும் விலகலைக் காட்டும் ஒரு துணைச்சொல்லும் சேர்ந்தால் மன்னிப்பு வரும் என்பதை அவர் பேசப் பழகிய நாளிலிருந்தே அறிவார்.

'லெட் டவுன்' என்றால் ஏமாற்றமடையச் செய்தல். லித்துவேனியத்தில் அதற்கு 'நுவில்தி'. 'வில்திஸ்' என்றால் நம்பிக்கை. 'நு' என்றால் கீழ்நோக்கி. வினை வேறு, திசை ஒன்று. இரு மொழிகளும் ஏமாற்றத்தைக் கீழே இறங்குவதாகவே கண்டிருக்கின்றன. கரும்பலகையில் இந்த இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும், மாணவர் அந்தக் கூட்டுவினையை மறக்கமாட்டார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கைப் போடுவதற்கு லித்துவேனியர் 'ஈயுங்தி' என்பர், அணைப்பதற்கு 'இஷ்யுங்தி'. 'யுங்தி' என்றால் பிணை, பூட்டு. 'யுங்காஸ்' என்றால் நுகத்தடி. வடமொழியின் 'யோகம்', ஆங்கிலத்தின் 'யோக்' எல்லாம் ஒரே வேர். மாட்டை நுகத்தில் பூட்டிய சொல், மின்சாரம் வந்தபின் விளக்கைப் பூட்டவும் அவிழ்க்கவும் வந்துவிட்டது. ஆங்கிலமோ திருகு என்ற வினையை வைத்துக்கொண்டு 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்' என்றது. இரு மொழியும் வினையை அப்படியே வைத்துக்கொண்டு, துணைச்சொல்லை மாற்றியே எதிர்ப்பொருளைப் பெறுகின்றன.

இடந்தான் வேறு என்றேன். அந்த இடவேற்றுமையும் ஆதியிலிருந்து வந்ததல்ல. பழைய ஆங்கிலத்திலும் முன்னொட்டு வினைகள் நிறைய இருந்தன. நூற்றாண்டுகள் போகப்போக அவை உதிர, பின்னே நிற்கும் சொற்கள் பெருகின. 'அண்டர்ஸ்டேண்ட்', 'ஓவர்கம்', 'வித்ஸ்டேண்ட்' போன்றவை பழைய வரிசையின் மிச்சம். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாடநூல்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டும். 'லுக் ஓவர்' என்றால் ஒருமுறை பார்வையிடு. 'ஓவர்லுக்' என்றால் கவனிக்கத் தவறு. லித்துவேனியர் பார்வையிடுவதை 'பெர்ஜியூரேதி' என்பர். 'பெர்' என்ற ஒட்டு முன்னால் வரும். ஆகவே 'ஓவர்' முன்னால் நிற்கும் 'ஓவர்லுக்' தன் சொல்லைப் போலவே அவருக்குத் தோன்றும். அறிக்கையைப் பார்வையிட்டேன் என்று சொல்ல நினைத்து, கவனிக்காமல் விட்டேன் என்று சொல்லிவிட நேரும். 'டேக் ஓவர்' பொறுப்பேற்பது; 'ஓவர்டேக்' முந்திச் செல்வது. 'செட் அப்' நிறுவுவது. 'அப்செட்' கலங்கச் செய்வது. இவற்றை இணை இணையாகவே கற்பிக்கவேண்டும்.

மாணவரை அடுத்து மலைக்க வைப்பது 'டர்ன் இட் ஆஃப்' என்ற வரிசை. 'அதை' என்ற சிறுசொல் வினைக்கும் துணைக்கும் நடுவே புகுந்தே தீரவேண்டும். இதற்கும் லித்துவேனியரிடம் பதில் உண்டு. தன்வினையைக் குறிக்கும் 'சி' என்ற அசை அவர்கள் மொழியில் வினையின் இறுதியில் நிற்கும்: 'கெல்திஸ்', எழுந்திரு. முன்னொட்டு ஒன்று வந்ததும் அது இடம்பெயர்ந்து ஒட்டுக்கும் வேருக்கும் இடையே அமர்ந்துகொள்ளும்: 'ஆட்சிகெல்தி'. பழைய லித்துவேனிய நூல்களில் 'எனக்கு', 'உனக்கு' போன்ற சிறு இடப்பெயர்களும் அந்த இடைவெளியில் வந்ததுண்டு. வினையும் துணையும் நடுவே ஒரு சிறுசொல்லுக்கு இடம் விடுவது அவர்களுடைய பாட்டன் வழக்கம்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடாது. 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றித் தின்று தீர்; முடிவைக் காட்ட ஆங்கிலம் மேலே போகிறது. லித்துவேனியம் தின்பதற்கு 'ஒன்றுசேர்' பொருள் தரும் 'சு'வை வைத்து 'சுவால்கீதி' என்கிறது. குடிப்பதற்கு 'வெளி' பொருள் தரும் 'இஷ்'ஷை வைத்து 'இஷ்கெர்தி' என்கிறது. ஆக 'அப்' என்பதைத் திசையாக எண்ணாமல், செயல் முற்றுப்பெற்றதற்கான அடையாளமாகக் காணச் சொல்லவேண்டும். புகைப்பதை விட்டுவிடுவது ஆங்கிலத்தில் 'கிவ் அப்'. லித்துவேனியர் அதை 'மெஸ்தி', அதாவது எறி, என்பர். போரில் சரணடைவதும் 'கிவ் அப்'தான். அவர்களுக்கு அது 'பாசிதுவோதி', தன்னையே கொடுத்துவிடுவது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதிக்கொடுக்கும் கையேடு இங்கே மாணவரை நட்டாற்றில் விட்டுவிடும்.

மரபுத்தொடர்களில் நிலைமை சற்று வேறு. விவிலியமும் பழங்கதைகளும் தந்தவை ஐரோப்பா முழுதும் பொது. முதலைக் கண்ணீரும் அகிலீஸின் குதிகாலும் இரு மொழியிலும் உண்டு. ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிப்பர். லித்துவேனியர் ஒரே குண்டில் இரண்டு முயல்களைச் சுடுவர். ஆங்கிலேயர் பாராமலே சாக்கில் பன்றி வாங்குவர். லித்துவேனியர் பூனை வாங்குவர். சிறு மண்மேட்டை ஆங்கிலம் மலையாக்கும். லித்துவேனியம் ஈயை யானையாக்கும். இவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சொன்னவுடன் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். கேடு செய்பவை ஒன்றுபோலத் தோன்றுபவை. 'பஞ்சில் சுற்றுவது' இரு மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் பஞ்சில் சுற்றப்படுவது பிள்ளை. காற்றுகூடப் படாமல் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பதைச் சொல்வது. லித்துவேனியத்தில் பஞ்சில் சுற்றப்படுவது பேச்சு. உண்மையை நேரே சொல்லாமல் மழுப்புவது. ஒரே படம், இரண்டு ஊர்ப் பொருள்.

இப்படித் தாய்மொழி வழியே கற்பிப்பதற்குத் துணைநிற்பது லித்துவேனியருக்குத் தங்கள் மொழியின் நுட்பங்கள்மேல் உள்ள பற்று. அது சும்மா வந்ததல்ல. 1864 முதல் 1904 வரை, அந்நாட்டை ஆண்ட ரஷ்ய ஜார் ஆட்சி லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிடுவதைத் தடை செய்திருந்தது. அண்டை நாடான பிரஷ்யாவில் அச்சான நூல்களை எல்லை கடந்து முதுகில் சுமந்து வந்தவர்களை இன்றும் அந்நாட்டார் போற்றுகிறார்கள். அந்தத் தடைக் காலத்திலேயே, 1901இல், யோனாஸ் யாப்லோன்ஸ்கிஸ் புனைபெயரில் எழுதிய இலக்கணம் பிரஷ்யாவின் டில்சிட் நகரில் அச்சேறியது. அவர் 1928இல் வேற்றுமைகளையும் முன்னிடைச்சொற்களையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்தத் தலைப்பு ஆங்கில ஆசிரியருக்கும் பயன்படும். லித்துவேனியத்தில் காத்திரு, தேடு, கேட்டு வேண்டு, ஏங்கு ஆகிய வினைகளின் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமையில் வராது. ஆறாம் வேற்றுமையில் வரும். பேருந்துக்காகக் காத்திருப்பவர் 'பேருந்தின்' என்ற உருபில்தான் சொல்வார். இதே நான்கு வினைகளுக்கும் ஆங்கிலம் 'ஃபார்' சேர்க்கிறது: 'வெய்ட் ஃபார்', 'லுக் ஃபார்', 'ஆஸ்க் ஃபார்', 'லாங் ஃபார்'. இன்னும் கைக்கு வராத பொருளை நாடும் வினைகள் இவை என்று இரு மொழிகளும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கின்றன. வில்னியஸ் நகரிலோ கௌனஸ் நகரிலோ பாடம் நடத்துகிறவர் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடலாம்.