தப்பிய சுருள்

சென்ற மாதம் அலங்காநல்லூர் சமுதாயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, இளைஞர்கள் ‘நோஸ்ஃபெராட்டு’ போட்டார்கள். ஹெர்சாக் 1979இல் மறுபடி எடுத்த ரத்தக் காட்டேரிப் படம். (புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இசபெல் அஜானி பெயரே போதும், போய்விட்டேன்.)

மூர்னோவின் மூலப்படம் 1922. ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றி எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட, 1925இல் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. நல்லவேளை, சில தப்பின. ‘அழிக்கலாம்’ என்று நானும் எத்தனை கோப்புகளில் குறிப்பு எழுதியிருக்கிறேன்!

நம் பக்கம் நேர்மாறு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) மீதும் நாவல் உரிமை வழக்குதான். படச்சுருள் திருவனந்தபுரம் பதிப்பகத்தின் கைக்குப் போய் அங்கேயே முடங்கியது, அதனாலேயே பிழைத்தது. 1974இல் புனே ஆவணக் காப்பகம் வாங்கியது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ ஒரு அடிகூட மிஞ்சவில்லை.