கொட்டையுடைப்பான் நாட்டியம்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நெருங்கியதும், அமெரிக்க நாட்டின் பெருநகரங்களிலும் சிறிய ஊர்களிலும் ஒரே நாட்டிய நாடகம் மேடையேறுகிறது. நியூயார்க் நகரில் மட்டும் ஒரே குழுவினர் அதனை நவம்பர் இறுதியிலிருந்து புத்தாண்டுத் தொடக்கம் வரையில் ஏறத்தாழ 50 முறை ஆடுகின்றனர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதனைக் காணச் செல்லுதல் அங்குள்ள பல குடும்பங்களில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதன் பெயர் 'நட்கிராக்கர்'. பேச்சில்லாமல், இசையும் அடவும் அபிநயமுமே கொண்டு கதை சொல்லும் 'பாலே' என்னும் மேனாட்டு நாட்டிய வகையைச் சேர்ந்தது. மாணவ நேயர்களே, இவ்வளவு புகழுடைய இந்நாட்டியம் பிறந்த அன்று, பார்த்தவர்களிற் பலர் இதனை ஏளனம் செய்தனர் என்பதையும், அவர்கள் எதனைக் குற்றமென்று சுட்டினரோ அதுவே பின்னர் இதற்கு நெடுவாழ்வு தந்தது என்பதையும் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். நம் வீடுகளில் பாக்குவெட்டி உண்டு. ஜெர்மானிய நாட்டு மலைப்பகுதித் தச்சர்கள் அதனை ஒத்த தொழிலுக்கு மரத்தால் ஒரு சிப்பாய்ப் பொம்மையைச் செதுக்கினர். முதுகுப்புறத்தில் உள்ள கோலைத் தூக்கினால் சிப்பாயின் பெரிய வாய் திறக்கும். கொட்டையை உள்ளே வைத்துக் கோலை அழுத்தினால் ஓடு பிளக்கும். அழகற்ற முகமும் அகன்ற தாடையும் உடைய இப்பொம்மைதான் கதைத் தலைவன். ஆகவே நாம் இதனைக் 'கொட்டையுடைப்பான்' என்றே அழைக்கலாம்.

கதையை எழுதியவர் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியர். பெர்லினில் நீதித்துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே விந்தைக் கதைகள் புனைந்தவர். 1816-ஆம் ஆண்டில், தம் நண்பர் ஒருவருடைய குழந்தைகளை மனத்திற்கொண்டு 'கொட்டையுடைப்பானும் எலியரசனும்' என்னும் கதையை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஒரு சிறுமிக்கு அந்த மரப்பொம்மை கிடைக்கிறது. நள்ளிரவில் எலிப்படை படையெடுத்து வருகிறது; பொம்மைகள் எதிர்த்துப் போரிடுகின்றன; சிறுமி தன் செருப்பை எறிந்து கொட்டையுடைப்பானைக் காக்கிறாள். ஹாஃப்மனின் கதையில் அச்சமும் இருளும் மிகுதி. 1844-இல் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமா அதனை இனிமைப்படுத்தித் தம் மொழியிற் சொன்னார். நாட்டியத்திற்கு அடிப்படையாக அமைந்தது அந்த இனிய வடிவந்தான்.

இனி நாம் ரஷ்யாவின் அன்றைய தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குச் செல்லவேண்டும். சக்கரவர்த்தியின் நாடக அரங்குகளுக்குத் தலைவராயிருந்தவர் விசெவலோஷ்ஸ்கி. அவருடைய முயற்சியால் இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியும் நாட்டிய ஆசான் பெட்டிப்பாவும் இணைந்து, 1890-இல் 'உறங்கும் அழகி' என்னும் நாட்டியத்தை உருவாக்கினர். அதன் வெற்றியைக் கண்ட விசெவலோஷ்ஸ்கி, ஒரே இரவில் நடத்துவதற்கு ஓர் இசை நாடகமும் ஒரு பாலேயும் வேண்டுமென்று சைக்காவ்ஸ்கியைக் கேட்டார். பெட்டிப்பா பிரான்ஸில் பிறந்து ரஷ்யாவில் ஆசானானவர், கட்டளையிடுவதில் வல்லவர். வீடு கட்டுவிப்பவர் கொத்தனாருக்குச் சுவரின் நீள அகலத்தைக் குறித்துத் தருவது போல, இந்தக் காட்சிக்கு இத்தனை தாளக்கட்டு இசை, இந்த இடத்தில் மரம் வளர வேண்டும், ஆகவே இசையும் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று எழுதித் தந்துவிடுவார். அக்குறிப்புகளுக்குள் அடங்கிநின்றே சைக்காவ்ஸ்கி இசையமைத்தார் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

அவர் மகிழ்ச்சியோடு செய்த வேலையும் அன்று. கதை அவருக்குப் பிடிக்கவில்லை. 1891-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவுக்குப் புறப்படும் வழியில், தம் அருமைத் தங்கை அலெக்ஸாண்ட்ரா இறந்த செய்தியைப் பாரிஸ் நகரில் அறிந்தார். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டே கடல் கடந்து, மே மாதம் 5-ஆம் நாள் நியூயார்க்கில் கார்னகி மண்டபத்தின் திறப்பு விழாவில் தம் இசையை நடத்திக் கொடுத்தார். பின்னர் ஊர் திரும்பிக் கொட்டையுடைப்பானை முடித்தார். இரண்டாம் அங்கத்தின் இறுதியில் தேவதையும் இளவரசனும் சேர்ந்து ஆடும் பகுதியின் இசையைக் கேட்டுப் பாருங்கள். நம் சங்கீதம் பயில்பவர்களுக்கு அதன் கட்டுமானம் உடனே விளங்கும்: மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரையில் ஒவ்வொரு படியாக இறங்கும் எட்டு ஸ்வரங்கள், அதாவது நாம் சங்கராபரணத்தின் அவரோகணம் என்று சொல்லும் அதே வரிசை. பள்ளிப் பிள்ளையும் பாடக்கூடிய அந்த எளிய இறக்கத்தில் இவ்வளவு சோகம் எப்படி வந்தது? தங்கையின் பிரிவே அதில் ஒலிக்கிறது என்பார் உண்டு. எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது, மெய்ப்பிக்க முடியாது.

பாரிஸில் அவர் கண்ட இன்னொன்றும் உண்டு. 'செலஸ்டா' என்னும் புதுக் கருவி. பார்ப்பதற்குச் சிறிய பியானோ போலிருக்கும். உள்ளே கம்பிகளுக்குப் பதிலாக உலோகத் தகடுகள். அதன் ஓசை சிறுமணிகள் குலுங்குவது போன்றது. ரஷ்யாவின் மற்ற இசையமைப்பாளர்கள், முக்கியமாக ரிம்ஸ்கி-கோர்ஸகாவும் கிளாஸுனாவும், தமக்கு முன்னே இதனைப் பயன்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, ஒருவருக்கும் தெரியாமல் வாங்கி அனுப்பும்படி தம் பதிப்பாளருக்கு எழுதினார். மேதைகளும் மனிதர்களே அன்றோ! நாட்டியத்தில் தேவதையின் தனி ஆடலுக்கு அக்கருவியே துணை. நீரூற்றுத் துளிகள் தெறிப்பது போன்ற ஓசை வேண்டுமென்று பெட்டிப்பா கேட்டிருந்தார். கேட்டது கிடைத்தது.

ஒத்திகை தொடங்கிய சமயத்தில் பெட்டிப்பா நோயுற்றார். அடவுகளை அமைக்கும் பொறுப்பு அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லெவ் இவனாவிடம் வந்தது. திட்டம் பெரியவருடையது, உழைப்பு சிறியவருடையது. இவ்வாறு 1892 டிசம்பர் 18-ஆம் நாள் மாரியின்ஸ்கி அரங்கில் நாட்டியம் அரங்கேறிற்று. (ரஷ்யாவில் அப்போது பழைய பஞ்சாங்கம் வழங்கியமையால் சில நூல்களில் டிசம்பர் 6 என்று காணப்படும். பன்னிரண்டு நாள் வேறுபாடு. இரண்டும் ஒரே நாள்தான். தேர்வில் எழுதுவோர் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சேர்த்து எழுதுக.)

முதலில் 'யோலாந்தா' என்னும் இசை நாடகம் முழுமையாக நடந்து முடிந்தபின்பே பாலே தொடங்கியது. இரவு நெடுநேரம் ஆயிற்று. முதல் அங்கம் முழுவதும் குழந்தைகளின் விருந்தும் எலிப்போருமாக இருந்தது. அரங்கேற்றத்திற்கென வரவழைக்கப்பெற்ற இத்தாலிய நர்த்தகி அந்தோனியெட்டா டெல்'எரா இறுதியில்தான் ஆட வந்தார். சிறுமி க்ளாராவாகவும் கொட்டையுடைப்பானாகவும் ஆடியவர்கள் அரசாங்க நாட்டியப் பள்ளி மாணவர்கள். பத்திரிகை விமர்சகர்கள் பொறுக்கவில்லை. இது பெரியோர் காணும் அரங்கா, பிள்ளைகளின் விளையாட்டுக் கூடமா என்று கேட்கும் வகையில் எழுதினர். கதையின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் தொடர்பில்லை என்றனர். இந்த இரண்டாவது குறையில் உண்மை உண்டு என்பது என் கருத்து. இரண்டாம் அங்கத்தில் சிறுமி இனிப்பு நாட்டில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே தவிர, கதை என்று ஒன்றும் நகர்வதில்லை. அரங்கின் அளவுகடந்த ஆடம்பரத்தால் கண்கள் களைத்துவிடுகின்றன என்று சைக்காவ்ஸ்கியே தம் தம்பிக்கு எழுதினார். 1893 நவம்பரில், நாட்டியம் அரங்கேறி ஓராண்டு நிறைவதற்கு முன்பே, அவர் காலமானார். இவனாவ் பின்னர் 'அன்னப் பொய்கை'யின் புகழ்பெற்ற ஏரிக்கரைக் காட்சிகளை அமைத்தும் இரண்டாமவராகவே இருந்து, 1901-இல் மறைந்தார். பெட்டிப்பாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதும் நூல்கள் இவனாவுக்கு நான்கு வரி ஒதுக்குகின்றன. இது நீதியன்று.

இசை மட்டும் தனியே பிழைத்தது. நாட்டியத்திற்கு முன்னரே, 1892 மார்ச்சில், சைக்காவ்ஸ்கி அதன் சில பகுதிகளைத் தொகுத்துக் கச்சேரியாக நடத்தியிருந்தார். உலகம் அதனை விரும்பி ஏற்றது. நாட்டியத்தின் கதி வேறு. இசையை ஏட்டில் எழுதிவைக்கலாம். அடவு ஆடுவோரின் உடம்பிலேயே வாழ்கிறது. ஆடுவோர் முதுமையடைந்தால் அதுவும் தேயும். நல்வாய்ப்பாக, ஸ்டெபனாவ் என்பவர் வகுத்த குறியீட்டு முறையில் மாரியின்ஸ்கி நாட்டியங்கள் பலவற்றைக் குறித்து வைத்திருந்தனர். புரட்சிக்குப்பின் நாட்டை விட்டு வெளியேறிய செர்கேயெவ் என்பவர் அந்த ஏடுகளைத் தம்முடன் கொண்டு சென்றார். அவற்றின் துணையால் 1934 ஜனவரியில் லண்டனில் கொட்டையுடைப்பான் மீண்டும் ஆடப்பெற்றது. தேவதையாக ஆடியவர் அலிசியா மார்க்கோவா. அதே ஆண்டில் லெனின்கிராடில் வைனோனென் புதிய அடவுகளோடு அதனை அமைத்தார்.

அமெரிக்காவில் இது வேரூன்றிய கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. 1944 டிசம்பர் 24-இல் சான் பிரான்சிஸ்கோ பாலே குழு முழு நாட்டியத்தையும் அந்நாட்டில் முதன்முறையாக ஆடிற்று. அதனை அமைத்த வில்லம் கிறிஸ்டென்ஸன் யூட்டா மாநிலத்தவர். ரஷ்யாவில் அது எப்படி ஆடப்பெற்றது என்பதை ஊருக்கு வந்திருந்த பலன்ஷீனிடமும் டனிலோவாவிடமும் கேட்டறிந்தார். துணி முதல் யாவும் பங்கீட்டுத் தட்டுப்பாட்டில் இருந்த காலம். பழைய திரைச்சீலையின் வெல்வெட்டுத் துணியும் நடிகர் உடையாயிற்று என்று அக்குழுவினர் நினைவுகூர்வதுண்டு. 1949-லிருந்து சான் பிரான்சிஸ்கோவில் அது ஆண்டுதோறும் நடக்கலாயிற்று.

பலன்ஷீன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1904-இல் பிறந்தவர். மாரியின்ஸ்கியில் நாட்டியப் பள்ளி மாணவராக இதே நாட்டியத்தில் ஆடிய பிள்ளை. அவர் நியூயார்க் நகர பாலேவுக்காக 1954 பிப்ரவரி 2-ஆம் நாள் தம் வடிவத்தை அரங்கேற்றினார். தேவதையாக ஆடியவர் மரியா டால்சீஃப். மாதத்தைக் கவனியுங்கள்: பிப்ரவரி! அதுவரை இது கிறிஸ்துமஸுக்கே உரியது என்ற நியதி ஏற்படவில்லை. மேடையில் வளர்ந்து எழும் கிறிஸ்துமஸ் மரத்திற்கே பணத்தின் பெரும்பகுதியை அவர் செலவிட்டார். மரமின்றி இந்த நாட்டியமே இல்லை என்பது அவர் உறுதி. இப்போது அம்மரம் 12 அடியிலிருந்து 41 அடி வரை உயர்கிறது. 1957-லும் 1958-லும் கிறிஸ்துமஸ் காலத்தில் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டதும் நாடெங்கும் அதன் புகழ் பரவிற்று.

பலன்ஷீன் செய்தவற்றுள் தலையாயது குழந்தை வேடங்களைக் குழந்தைகளுக்கே கொடுத்தது. விமர்சகர்கள் 1892-இல் குற்றமென்றது இதுவேயன்றோ? முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றி, ஆண்டு விழா நாடகங்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கிய எனக்கு இதன் பயன் நன்கு தெரியும். எலி வேடமிட்ட ஒரு சிறுவனைக் காணத் தாய், தந்தை, பாட்டி, அத்தை என நால்வரேனும் வந்து முன்வரிசையில் இடம் தேடுவர். சிறு நகரங்களின் நாட்டியப் பள்ளிகளும் இதனைக் கண்டுகொண்டன. உள்ளூர்ப் பிள்ளைகள் நூறு பேர் ஆடினால் மண்டபம் தானே நிறையும். பல குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்தச் சில வாரங்களில் வருகிறது. மற்ற மாதங்களில் புதிய நாட்டியங்களை நட்டத்தோடு ஆடுவதற்கு வேண்டிய அரிசி இந்தப் பானையிலிருந்துதான். ஆண்டுக்காண்டு அதே அடவை ஆடும் நர்த்தகர்க்கு அலுப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுட் பலர் முதன்முதலில் மேடையேறியது இதில் ஒரு குட்டி எலியாகவே.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற வினாவும் எழுந்தது. இனிப்பு நாட்டில் தேநீரைக் குறிக்கும் சீன நடனத்தில், ஒரு மக்களினத்தைக் கேலி செய்யும் சைகைகளும் முகப்பூச்சும் பலகாலம் இருந்தன. சீன வழியினரான அமெரிக்கர்கள் அதனால் புண்பட்டனர். 2017-இல் நியூயார்க் குழு விரல் நீட்டும் சைகையை நீக்கி முகப்பூச்சையும் மாற்றியது. அடவு மாறிற்று, இசை மாறவில்லை, கூட்டமும் குறையவில்லை. செய்திருக்க வேண்டியதை அறுபது ஆண்டு தாமதித்துச் செய்தனர் என்பதே என் எண்ணம்.

2020-இல் கொள்ளைநோய் வந்தது. அமெரிக்காவின் பெரிய அரங்குகள் மூடிக்கிடந்தன. நியூயார்க்கில் அவ்வாண்டு கொட்டையுடைப்பான் மேடையேறவில்லை. ஒரே பானையை நம்பியிருந்த குழுக்கள் வருமானமின்றித் தவித்தன. மறு ஆண்டு அரங்கு திறந்தபோது வேறொரு தடை: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் ஒத்திகை தொடங்கும்போது தடுப்பூசி பெற முடியாதவர்களாயிருந்தனர். ஆகவே 2021-இல் பன்னிரண்டு வயது நிறைந்தவர்களை மட்டும் சேர்த்தனர். வழக்கமாக எட்டு வயதுக் குழந்தைகள் அணியும் உடைகளை வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்பப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டும் டிசம்பர் இறுதியில் நோய் மீண்டும் பரவவே, எஞ்சிய நாள்களின் ஆட்டங்கள் கைவிடப்பட்டன. அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் சிறு பிள்ளைகள் மீண்டும் வந்து தேர்வுக்கு வரிசையில் நின்றனர்.