சிரிப்புப் படங்களில் ஒரு ரயில் ஊழியர்

நகைப்பு மக்கள் எல்லோருக்கும் பொதுவானது. ஆயின், நகைப்பவர் யார், நகைப்புக்கு உள்ளாகிறவர் யார் என்று வினவும்போதுதான் வரலாறு தொடங்குகிறது. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இவ்வினாவை எழுப்பியது, ஓடும் ரயிலில் நிகழும் ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம்.

முற்காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில், பெரிய படத்தோடு சேர்த்து இருபது நிமிடத்திற்கும் குறைவான சிரிப்புப் படங்களையும் காட்டுவது வழக்கம். கொலம்பியா நிறுவனம் 1934 முதல் 1959 வரை வெளியிட்ட ‘த்ரீ ஸ்டூஜஸ்’ படங்கள் 190 ஆகும். அவற்றில் நடித்த மோ, லாரி, கர்லி ஆகிய மூவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1940 ஜனவரியில் ‘யூ நாஸ்டி ஸ்பை’ என்னும் படத்தில் ஹிட்லரையே எள்ளி நகையாடினர். சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ அதன் பின்னரே வந்தது. வலியோனைப் பார்த்து நகைத்த துணிவு அது.

ஆயின், அதே படங்களில் எளியோர் நிலை யாது? டட்லி டிக்கர்சன் என்னும் கறுப்பின நடிகர், 1940-இல் வந்த ‘எ பிளம்பிங் வி வில் கோ’ படத்தில் சமையற்காரர். அடுப்பிலும் மின்விளக்கிலும் தண்ணீர் பீறிடக் கண்டு அலறுகிறார். 1947-இல் வந்த ‘ஹோல்ட் தட் லயன்’ படத்தில் அவர் ரயில் ஊழியர். வண்டிக்குள் புகுந்த சிங்கத்தைக் கண்டு நடுங்குகிறார். அவரது திறமைக்குக் குறைவில்லை. ஆயினும், அச்சமன்றி வேறு குணம் அவருக்கு எழுதித் தரப்படவில்லை. மூவரும் அடிபட்டால் திருப்பி அடிப்பர்; ஒரு படத்தில் மருத்துவராகவும் வருவர். டிக்கர்சனோ பெரும்பாலும் பணியாளே.

மெய் வாழ்வில் நடந்தது வேறு. புல்மன் நிறுவனத்தின் படுக்கை வண்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்களைப் பயணிகள் பலர், அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் பெயரால், ‘ஜார்ஜ்’ என்றே விளித்தனர். சொந்தப் பெயரையும் இழந்த அவ்வூழியர்கள், 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டனர். 1937-இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தனர். அவ்வெற்றிக்குப் பத்தாண்டு கழிந்த பின்னும், திரையில் வந்த ரயில் ஊழியர் நடுங்கிக்கொண்டே நின்றார்!

அன்பர்களே, இது நமக்கும் தொலைவான செய்தியன்று. 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில், தென்னாட்டு இசையாசிரியராக மெஹ்மூத் தோன்றியபோது, வடபுலமெங்கும் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம், சிரிப்பதில் தவறில்லை. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வைப்போம்: திரையில் நடுங்குகிறவனுக்கும் ஒரு பெயர் உண்டு, அவனுக்குப் பின்னே ஒரு வரலாறும் உண்டு.