கொடுத்தது அதிகம், பெற்றது குறைவு: ஒரு வணிக ஒப்பந்தமும் அதன் நூற்றெழுபது ஆண்டு முன்கதையும்

2022 நவம்பர் 14. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தங்களைப் பற்றிய பொது விவாதம். ஆளுங்கட்சியின் பின்வரிசையிலிருந்து ஜார்ஜ் யூஸ்டிஸ் எழுந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்புவரை சுற்றுச்சூழல், உணவு, வேளாண்துறை அமைச்சராக இருந்தவர். ஆஸ்திரேலிய ஒப்பந்தம் பிரிட்டனுக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அன்று என்றார். மிகக் குறைவாகப் பெற்றுக்கொண்டு மிக அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்றார். பின்வரிசைக்கு வந்துவிட்டதால் இனி அதற்கு மெருகு பூசிப் பேசவேண்டிய கட்டாயம் தமக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க விரும்பியவரும் அல்லர். வெளியேற வேண்டும் என்று பாடுபட்டவர்; கார்ன்வாலில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர்; இதே ஒப்பந்தத்தை அமைச்சராக இருந்தபோது பொதுவெளியில் ஆதரித்துப் பேசியவர். அமைச்சரவைக்குள் கடுமையாக வாதிட்டதாகவும், வெளியே வாய்மூடி இருந்ததாகவும் இப்போது தெரிவித்தார். கூட்டுப் பொறுப்பு என்னும் மரபு ஒருவரை எத்தனை காலம் இரண்டு நாக்குகளோடு வாழவைக்கும் என்பதற்கு அன்றைய உரை ஒரு சான்று.

அவர் விவரித்த நிகழ்வு எளிமையானது. 2021 ஜூனில் ஜி7 மாநாடு நடக்கவிருந்தது. இடம், அவருடைய கார்ன்வாலிலேயே உள்ள கார்பிஸ் பே. அதற்குள் ஒப்பந்தத்தை முடித்துவிட வேண்டும் என்று அன்றைய வணிக அமைச்சர் லிஸ் டிரஸ் குறிக்கோள் வைத்தார். இந்த நாளுக்குள் முடிக்க உங்களுக்கு என்ன வேண்டும் என்று எதிர்த்தரப்பையே கேட்டுவிட்டார். கேட்ட மறுகணமே ஆஸ்திரேலியத் தரப்பு தன் பட்டியலை நீட்டியது. இறுதி ஒப்பந்தத்தின் வடிவத்தை அந்தப் பட்டியலே தீர்மானித்தது. யூஸ்டிஸின் குற்றச்சாட்டு இதுதான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவைத்து விலை பேசும் எந்தத் தரகருக்கும் இதில் உள்ள பிழை விளங்கும்: பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும் என்று சொல்லிவிட்டவன் விலை பேசமுடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. இடைக்கால ஏற்பாடுகள் அவ்வாண்டு டிசம்பரோடு முடிந்தன. அதன்பின் கையெழுத்தான வணிக உடன்படிக்கைகளில் பெரும்பாலானவை ஒன்றியம் முன்பே செய்திருந்தவற்றின் படிகள். ஆஸ்திரேலியாவோடு செய்ததே முதன்முதலாக வெறுந்தாளிலிருந்து தொடங்கி எழுதப்பட்டது. கொள்கை அளவிலான உடன்பாடு 2021 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டது. கையெழுத்து டிசம்பர் 17 அன்று. நடைமுறை 2023 மே 31 முதல். ஆகவே அதில் அடங்கிய இறைச்சியைவிட அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள் கனமானது. சுதந்திர நாடாகத் தனித்து நின்று பேரம் பேசமுடியும் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு காணொளியில் ஆஸ்திரேலியாவின் டிம் டாம் பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அது குறைந்த வரியில் வரப்போகும் காலத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசியிருந்தார்.

அரசின் சொந்த மதிப்பீடு அந்த மகிழ்ச்சியைத் தாங்கவில்லை. நீண்டகால நோக்கில் நாட்டின் மொத்த உற்பத்தி 0.08 விழுக்காடு, அதாவது சுமார் 230 கோடி பவுண்டு, கூடும் என்றது அது. அதே ஆவணம், வேளாண்மை, காட்டுவளம், மீன்பிடித் துறைகள் சேர்ந்து 9.4 கோடி பவுண்டும், பாதி பதப்படுத்திய உணவுத் துறை 22.5 கோடி பவுண்டும் சுருங்கும் என்றும் கணித்தது. ஒரு நாட்டின் பேரளவில் இவை சிறு எண்கள். ஆனால் இழப்பு நாடு முழுதும் சமமாகப் பரவுவதில்லை. வேல்ஸ் மலைச்சரிவிலும் வட இங்கிலாந்தின் மேட்டுநிலத்திலும் ஆடு வளர்ப்பவருக்கு வேறு பயிர் இல்லை. அந்த மண்ணில் புல்லைத் தவிர வேறொன்றும் விளையாது. அதே ஆண்டுகளில்தான் ஐரோப்பிய வேளாண் கொள்கையின்கீழ் நிலப்பரப்பைப் பொறுத்துக் கிடைத்துவந்த நேரடி மானியமும் இங்கிலாந்தில் படிப்படியாகக் குறைக்கப்பட்டுவந்தது. ஒரு கையால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மறுகையால் ஓட்டப்பந்தயத்துக்குக் கொடி அசைத்ததுபோல் ஆயிற்று.

ஒப்பந்தம் தந்த அளவுகளைப் பார்க்கலாம். முன்பு ஆஸ்திரேலிய மாட்டிறைச்சிக்குச் சலுகை வரியில் இருந்த இடம் ஒருசில ஆயிரம் டன். புதிய ஏற்பாட்டில் முதலாண்டிலேயே 35,000 டன் வரியின்றி வரலாம். பத்தாம் ஆண்டில் 1,10,000 டன். ஆட்டிறைச்சி 25,000 டன்னில் தொடங்கி 75,000 டன்வரை. அதன்பின் ஐந்தாண்டுகள் ஒரு தற்காப்பு ஏற்பாடு. பதினைந்தாம் ஆண்டு கழிந்தால் வேலியே இல்லை. தேசிய விவசாயிகள் சங்கத்தின் தலைவர் மினெட் பேட்டர்ஸ் இதை ஒருதலையான ஒப்பந்தம் என்றார். 2020இல் அச்சங்கம் உணவுத் தரத்தைக் காக்கக் கோரி நடத்திய மனு இயக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். ஆகவே அது வெறும் உற்பத்தியாளர் குரல் மட்டும் அன்று.

மறுதரப்புக்கும் வலுவான வாதங்கள் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலிய இறைச்சி ஜப்பான், கொரியா, சீனா எனப் பக்கத்துச் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகிறது. பூமியைச் சுற்றிக்கொண்டு லிவர்பூலுக்கு அது ஏன் வரவேண்டும்? நியூசிலாந்துக்கு முன்பே இருந்த ஆட்டிறைச்சி ஒதுக்கீடு ஆண்டுதோறும் முழுதாகப் பயன்படுத்தப்படவில்லை என்பதையும் சுட்டினர். ஹார்மோன் ஏற்றி வளர்த்த மாட்டின் இறைச்சிக்குப் பிரிட்டனில் உள்ள தடை அப்படியே நீடித்தது. முப்பத்தைந்து வயதுவரை உள்ள பிரிட்டிஷ் இளைஞர்கள், பண்ணை வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையின்றி ஆஸ்திரேலியாவில் தங்கி உழைக்க வழி பிறந்தது. ஆனால் இந்த வாதத்தில் ஓர் இடறல் உண்டு. வரவே போவதில்லை என்றால் அவ்வளவு பெரிய கதவைத் திறந்ததற்கு ஈடாக ஏதேனும் கேட்டுப் பெற்றிருக்கலாமே என்ற கேள்வி அது. யூஸ்டிஸின் குறையும் கதவு திறந்ததைவிட, விலையின்றித் திறந்ததைப் பற்றியதே.

இந்தச் சண்டை பிரிட்டனுக்குப் புதிதன்று. அந்நாட்டின் கட்சி அரசியல் இரண்டு முறை இதே கல்லில் இடறி உடைந்திருக்கிறது. 1846இல் ராபர்ட் பீல் தானியச் சட்டங்களை நீக்கியபோது நிலக்கிழார்களின் கட்சியாகிய அவருடைய சொந்தக் கட்சியே இரண்டாகப் பிளந்தது. அவர் பதவி இழந்தார். 1903 மே மாதம் பர்மிங்ஹாமில் ஜோசப் சேம்பர்லின் எதிர்த்திசையில் குரல் எழுப்பினார்: பேரரசின் நாடுகளுக்குச் சலுகை வரி, அயலாருக்கு உயர்வரி. அதற்காக அமைச்சரவையை விட்டும் விலகினார். 1906 தேர்தலில் லிபரல்கள் இரண்டு ரொட்டிகளைப் படமாக வரைந்து சுவரெங்கும் ஒட்டினார்கள். தடையற்ற வணிகம் தரும் பெரிய ரொட்டி. சேம்பர்லின் தரப்போகும் சின்ன ரொட்டி. பொருளாதாரக் கோட்பாட்டை அதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. லிபரல்கள் பெருவெற்றி பெற்றார்கள். சேம்பர்லினின் கனவை அவர் மகன் நெவில் நிதியமைச்சராக 1932இல் நிறைவேற்றினார். அவ்வாண்டு கோடையில் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாடு சாம்ராஜ்யச் சலுகை முறையை நிலைநாட்டியது.

அந்த மேசையில் இந்தியாவுக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. சர் அதுல் சாட்டர்ஜி தலைமையில் சென்ற குழுவில் கோயம்புத்தூரின் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார்; சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் அவரே. பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு இந்தியா பத்து விழுக்காடும், மோட்டார் வாகனங்களுக்கு ஏழரை விழுக்காடும் வரிச்சலுகை தர ஒப்புக்கொண்டது. இந்தியச் சரக்குகளுக்குப் பிரிட்டனில் தொடர்ந்து கிடைக்கும் சலுகை அதற்கு ஈடு. காங்கிரஸ் அப்போது சட்டசபைக்கு வெளியே, பெரும்பாலும் சிறைக்குள். ஆகவே மத்திய சட்டசபை ஒப்பந்தத்தை ஏற்றது. பின்னர் அச்சபையின் தலைவராகவும் ஆன சண்முகம் செட்டியார் 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். அத்தேர்தலால் சபையின் முகம் மாறியது. 1936 மார்ச்சில் ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று சபை தீர்மானித்தது. மூன்றாண்டு கழித்து வந்த புதிய இந்திய–பிரிட்டிஷ் வணிக உடன்படிக்கையையும் சபை நிராகரித்தது. அரசோ அதை நடைமுறைப்படுத்தியது. கேட்பது மரபு, கேட்டதன்படி நடப்பது கட்டாயமில்லை என்பது அந்த ஆட்சியின் இலக்கணம்.

ஆஸ்திரேலியர்களின் நினைவில் இருப்பது வேறொரு காயம். பிரிட்டனில் ஒருநாளும் கால்வைக்காத ஆஸ்திரேலியர்கள்கூட அந்த நாட்டை 'ஹோம்' என்றே எழுதிய காலம் ஒன்று உண்டு. 1950களின் தொடக்கத்தில் அவர்களுடைய ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த 'வீட்டுக்கு'த்தான் போயிற்று. 1961இல் மேக்மில்லன் அரசு ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர விண்ணப்பித்தபோது கான்பெராவில் ஏற்பட்ட அதிர்ச்சி வணிகக் கணக்கை மட்டும் சார்ந்ததன்று. பிரதமர் மென்சிஸ் மறுவருடம் லண்டன் மாநாட்டிலேயே தம் கவலையைச் சொன்னார். பிரான்சின் டி கால் 1963இலும் 1967இலும் தடுத்ததால் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் சேர்ந்தது. நியூசிலாந்து, ஜாக் மார்ஷலின் விடாப்பிடியான பேச்சுவார்த்தையால், வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் இடைக்காலச் சலுகை பெற்றிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அதுவும் இல்லை. டாஸ்மேனியாவின் ஆப்பிள் தோட்டக்காரர்களுக்குப் பிரிட்டனே பெருஞ்சந்தை. கப்பல் கட்டண உயர்வோடு இதுவும் சேர்ந்தபோது, நின்று காய்த்துக்கொண்டிருந்த மரங்களைப் பிடுங்கி எறிய அரசே பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. தந்தை நட்ட மரத்தை மகன் கூலி வாங்கிக்கொண்டு வேரோடு சாய்த்தான்.

ஆஸ்திரேலியர் அதிலிருந்து கற்றது ஒன்று. உண்மையில் அதற்கு முன்பே, 1957இல், போர்க்காலப் பகை ஆறாத நிலையிலேயே வணிக அமைச்சர் ஜான் மெக்யூவன் ஜப்பானோடு உடன்படிக்கை செய்திருந்தார். உறவின் பெயரால் சந்தை நிலைக்காது என்று தெரிந்துகொண்ட நாடு, அடுத்த அறுபது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நாடுகளோடு பேரம் பேசிப் பழகியது. பிரிட்டனோ அதே காலத்தில் நாற்பத்தேழு ஆண்டுகளாக வணிகப் பேச்சுவார்த்தை முழுவதையும் பிரசல்ஸுக்கு ஒப்படைத்திருந்தது. 2021இல் எதிரெதிரே அமர்ந்த இரு தரப்புக்கும் பயிற்சியில் இருந்த இடைவெளி அவ்வளவு.

சொல் ஒன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் மேடையில் 'டீல்' என்றார்கள். சட்டம் அதை 'ட்ரீட்டி' என்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒப்பந்தம் என்றே சொல்லிவிடுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது. 'டீல்' என்பது கைகுலுக்கி முடிப்பது, வெற்றி தோல்வி உள்ளது. 'ட்ரீட்டி' என்பது நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தாக வேண்டியது. 1924இல் முதல் தொழிற்கட்சி அரசில் ஆர்தர் பான்சன்பி வகுத்த வழக்கம் அது: ஒப்பந்தத்தை 21 அமர்வு நாள்கள் அவையின் முன் வைக்க வேண்டும். அவ்வழக்கம் 2010இல் சட்டமாயிற்று. ஆனால் வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தின்மீது விவாதம் வேண்டும் என்று காமன்ஸ் சபையின் பன்னாட்டு வணிகக் குழு கேட்டது. 2022 ஜூலையில் அந்த 21 நாள்களும் விவாதமின்றியே கழிந்தன. சட்டமாக்க வேண்டியிருந்தது அரசுக் கொள்முதல் பற்றிய பகுதி மட்டுமே. இறைச்சி ஒதுக்கீட்டைப் பற்றி உறுப்பினர் எவரும் ஆம், இல்லை என்று வாக்களிக்கும் தருணம் வரவே இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரியவர்களில் சிலரே அதைச் சங்கடத்தோடு ஒப்புக்கொண்டார்கள். ஒன்றியத்தில் இருந்திருந்தால், அதன் வணிக ஒப்பந்தத்தை ஏற்கவோ தள்ளவோ ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே பிரிட்டிஷ் உறுப்பினர்களும் வாக்களித்திருப்பார்கள். கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம் என்ற முழக்கத்தால் திரும்பிவந்த அதிகாரம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்ததாகவே மக்கள் எண்ணினர். அது தெருவைக் கடந்து அமைச்சரகத்தின் அறையோடு நின்றுவிட்டது. 1939இல் டெல்லிச் சபையாவது ஒப்பந்தத்தை நிராகரித்து வாக்களிக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தது.

நவம்பர் உரைக்குப் பின் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதற்கு முந்தைய கோடையில், தலைமைப் போட்டியின்போது ரிஷி சுனக்கும் இந்த ஒப்பந்தம் ஒருதலையானது என்று சொல்லியிருந்தார். பிரதமரானதும் அவர் அரசே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அடுத்த பேச்சுவார்த்தைகளில் வேளாண் சங்கங்களின் குரலுக்கு முன்பைவிடக் கனம் கூடியது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான உடன்படிக்கையில் காப்பரண் எழுப்பியவர்கள் மறுபக்கத்தார். பாற்பொருள்களையும் ஆப்பிளையும் இந்தியா பட்டியலுக்கு வெளியே வைத்துக்கொண்டது. ஸ்காட்ச் விஸ்கிமீது இருந்த 150 விழுக்காடு தீர்வையை முதலில் 75ஆகவும், பத்தாண்டில் 40ஆகவும் இறக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பேச்சுவார்த்தை மூன்றரை ஆண்டு நீடித்தது. அதை 2022 தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்று நாள் குறித்துச் சொன்னவரும் போரிஸ் ஜான்சன்தான். தீபாவளி வந்தபோது அவர் பதவியில் இல்லை.